சனிக்கிழமை மட்டும் நிற்கும் கார்

மார்ச் 4, செவ்வாய்

கார் வாங்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள், எல்லாமே ‘வேண்டாம்’ என்றுதான் முடிந்திருக்கும்.

எனக்கு நாற்பத்தாறு, காருக்கு நாற்பத்து நான்கு. இரண்டு கதவு, உருண்டை விளக்கு, வெளிர் பச்சை. நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்றார் விற்றவர். அந்த நாலு பேருக்குள் மனஸ்தாபம் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விற்றவர் பல் டாக்டர். “மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டு வந்து பார்க்கலையா?” என்று அவரே கேட்டார். “எனக்கே பார்க்கத் தெரியும்” என்றேன். என்ன தெரியும் எனக்கு? மண்ணாங்கட்டி. பானெட்டைத் திறந்து காட்டினார். குனிந்து பார்த்தேன். உள்ளே நிறைய சாமான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு மூடச் சொன்னேன்.

“காலையில ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டுச் சாவியைத் திருப்புங்க, கிளம்பிடும். இந்த ஊர் வெயிலுக்கு வேற எதுவும் தேவைப்படாது. மத்ததெல்லாம் கையேட்டுல இருக்கு” என்று பழுப்பேறிய ஒரு புத்தகத்தை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

இது சனிக்கிழமைகளுக்கான கார். விவாகரத்து ஆகி இரண்டு வருடம். வீட்டுக் கார் மேடத்துக்குப் போனது. (அவளை இந்த நோட்டில் மேடம் என்றுதான் எழுதுவது. பெயரை எழுதக் கை கூசுகிறது.) மகளும் மேடத்தோடுதான். எனக்கு நீதிமன்றம் கொடுத்தது சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. வாரத்தில் ஏழு மணி நேரம் நான் அப்பா. அதிலும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்விடுகிறது. ரெண்டு வருஷமா அந்த அடுக்குமாடி வாசல்ல, வாட்ச்மேன் பார்க்க, மூணாவது மாடி ஜன்னல் பார்க்க, வேர்த்து விறுவிறுத்து நின்னது போதும்.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில் விஷயம் பரவிவிட்டது. மருந்துக் கவுன்டரில் என்னோடு இருப்பவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “சார், சோப்பு டப்பாவை வெயில்ல வச்சிருக்கீங்க, உருகிடப் போகுது” என்கிறாள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. சிரிங்க, நல்லா சிரிங்க.

இன்றைக்கு ஒரு ஆள் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு வயிற்றெரிச்சல் என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். பெட்டிக்குள்ளேயே ஒரு தாள் இருக்கிறது, தெளிவாக அச்சடித்து வைத்திருக்கிறான். படிச்சியா? படிக்கல. படிக்காமல் முழுங்குவான், அப்புறம் ஜன்னலைத் தட்டுவான். நானும் பதிலுக்குக் கத்தினேன். என் மேல் ஒரு புகார் போயிருக்கிறது. போகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

உள்ளே புதுக் கார்ப்பெட் போட்டாயிற்று. கிரீம் நிறம். இந்த நிறம் அழுக்காகிவிடும் என்றார் போட்டவர். எவன் அழுக்காக்குவான் என்று பார்க்கிறேன்.

அக்கா போனில்: “டேய், சைக்கிள் செயின் கழண்டா என்னைத்தானே கூப்பிடுவே. உனக்கு எதுக்குடா பழைய கார்?” பாதியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

காலை நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது ஐம்பதுக்கே வாசலில் போய் நின்றேன். இரண்டு முறை ஹார்ன் அடித்தேன். ஜன்னலில் திரை அசைந்தது. பார்க்கட்டும்.

பாப்பா வந்தாள். பதினாலு வயதாகிவிட்டது, “பாப்பான்னு கூப்பிடாதீங்கப்பா” என்கிறாள், வாய் பழகிவிட்டது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “கியூட்டா இருக்கு” என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமையும் வீட்டுப்பாடமாம், ஒரு மூட்டைப் பை. அதைக் காலடியில் போடப் போனாள். “கீழ வைக்காதே, புதுக் கார்ப்பெட்!” என்றேன். சீட்டிலும் வேண்டாம், ஜிப்பு பட்டால் கிழியும். டேஷ்போர்டுக்கு அடியில் நடுவில் ஒரு கறுப்புக் குமிழ் கீழ்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கிறது. “அதுல மாட்டிக்கோ” என்றேன். மாட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது, பாலத்துக்கு முன்னால், கார் இருமியது. கறுப்புப் புகை. நின்றுவிட்டது. பெட்ரோல் நாற்றம். பின்னாலிருந்து ஒரே ஹார்ன். ஒருத்தன் ஜன்னலை இறக்கி, “மியூசியத்துக்கு வழி இந்தப் பக்கம் இல்ல சார்” என்றான். கல் எடுத்து அடிக்கலாம்போல இருந்தது.

அரை மணி கழித்துத் தானாகக் கிளம்பியது. வாசலுக்குப் போனபோது ஐந்தே முக்கால். மேடம் கீழே இறங்கி வந்து நின்றிருந்தாள். கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

காட்டுவாள். உத்தரவிலேயே இருக்கிறதே: அரை மணிக்கு மேல் மூன்று முறை தாமதமானால், நேரத்தைக் குறைக்கச் சொல்லி அவள் கேட்கலாம். இன்றைக்கு ஒன்று ஆகிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

மெக்கானிக்கிடம் விட்டேன். ரயில்வே கேட் பக்கம், பழைய கார்கள் மட்டும் பார்க்கிறவர். குட்டையான ஆள், பேச்சு மட்டும் நீளம். ஸ்பார்க் பிளக் கரியாக இருக்கிறது என்று கழற்றிக் காட்டினார். எனக்கு அது கரியா கடலையா என்று எப்படித் தெரியும்? ‘ஆமாமா’ என்றேன். துடைத்துப் போட்டார்.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாளாகக் காரில்தான் போகிறேன். ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை.

மார்ச் 15, சனி

பரீட்சை முடிந்துவிட்டதாம், பாப்பா கையை வீசிக்கொண்டு வந்தாள். கார் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம், வெண்ணெய் மாதிரி ஓடியது.

நல்ல மனநிலையில் இருந்ததால் நிறையப் பேசினேன். மேடம் கல்யாணத்துக்கு முன்னால் எப்படி இருந்தாள், அப்புறம் எப்படி மாறினாள், கோர்ட்டில் அந்த அழுகை எங்கிருந்து வந்தது — எல்லாம் சொன்னேன். “உங்கம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தா உன்னை வாரத்துக்கு ஏழு மணி நேரம் எனக்கு வாடகைக்கு விடுவாளா?” என்றேன். பொண்ணுக்கும் உண்மை தெரிய வேண்டாமா? அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். வெயிலுக்கு அசதி போல.

நாலே ஐம்பதுக்கு இறக்கிவிட்டேன். கடிகாரம் காட்ட இன்று யாரும் வரவில்லை.

மார்ச் 22, சனி

மறுபடியும். அதே புகை, அதே நாற்றம், இந்தத் தடவை மார்க்கெட் முனையில். ஒரு மணி பத்து நிமிஷம் தாமதம். ரெண்டு!

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய? திறந்து வைத்தால் ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். அந்தக் குட்டை மெக்கானிக்கை வாயில் வந்தபடி திட்டினேன். ஃபிராடு, பித்தலாட்டம், பிளக்கைத் துடைக்க ஒரு படிப்பா உனக்கு. பாப்பா உள்ளே உட்கார்ந்து கையேட்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள். “உனக்குக் கூடத் தெரியுது பார், அந்தப் புத்தகம் எதுக்கு லாயக்குன்னு” என்றேன். சிரித்தாள்.

“அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிடட்டுமாப்பா?” என்றாள். கூடாது என்றேன். அந்த மகராசி போனையும் சாட்சியாகக் காட்டுவாள்.

மார்ச் 24, திங்கள்

மெக்கானிக்கோடு வாய்ச்சண்டை. கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, மாட்டி, என்னை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். ஒன்றுமில்லை.

“சனிக்கிழமை மட்டும்தான் நிக்குதா சார்?”

“ஆமா.”

“மத்த நாள்?”

“அதான் ஓடுதுன்னு சொல்றேனே.”

தலையைச் சொறிந்தார். “வண்டிக்குக் கிழமை எல்லாம் தெரியாதே சார்” என்றார். நக்கல் வேறு.

ஆனால் அவர் கேட்டதிலிருந்து அதே யோசனை. சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை மட்டும் நான் எங்கே காரை நிறுத்துகிறேன்? மேடம் வீட்டு வாசலில். பாப்பா இறங்கி வரும் வரை டீ குடிக்க எதிர்ப்பக்கம் போகிறேன். அங்கே யார் இருக்கிறான்? வாட்ச்மேன். வாட்ச்மேன் யார் பேச்சைக் கேட்பான்?

அடிப்பாவி.

மார்ச் 26, புதன்

பெட்ரோல் மூடிக்குப் பூட்டு போட்டுவிட்டேன். நீதிமன்ற ஆலோசகருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். “மேற்படி வாகனத்தின் எரிபொருளில் எதிர்மனுதாரரின் தூண்டுதலின்பேரில் குடியிருப்புக் காவலாளியால் அந்நியப் பொருள் கலக்கப்பட்டிருக்கலாம் என வலுவாகச் சந்தேகிக்கிறேன்.” இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. கையோடு தபாலில் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

காலையில் கூட்டி வரும்போதே நின்றது. மேடம் கோர்ட்டுக்கு வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் அந்தச் சாது முகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் ‘புஸ்’ என்று போய்விட்டது. அப்புறம் மேடமாவது மண்ணாவது, இருபது நிமிஷம் அந்த மெக்கானிக்கின் பரம்பரையையே இழுத்தேன். மாலை திரும்பும்போது ஒன்றும் ஆகவில்லை. நேரத்துக்குச் சேர்த்துவிட்டேன். அதனால் இது கணக்கில் வராது.

பூட்டு போட்டும் நிற்கிறது என்றால் பூட்டையே திறக்கிறார்கள்.

ஏப்ரல் 5, சனி

மூன்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று எழுதக் கை ஓடவில்லை.

இந்தத் தடவை காரை அந்த வாசலில் நிறுத்தவே இல்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, பாப்பாவை நடந்து வரச் சொன்னேன். வெயிலில் மூட்டைப் பையோடு வந்தாள். போகும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. திரும்பும்போது, பைபாஸில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், நின்றுவிட்டது. அப்போது நாலரை. நான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் — வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள், உங்கம்மா யாரோடு போனில் பேசுகிறாள், எத்தனை நேரம் பேசுகிறாள் என்று. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

இந்தத் தடவை கிளம்பவே இல்லை. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் உட்கார்ந்துவிட்டது. பாப்பா, “வாடகைக் கார் கூப்பிடலாமா?” என்றாள். கூப்பிட்டிருக்கலாம். காரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனால் அதையும் யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்று தோன்றியது. மெக்கானிக் வரும் வரை அவளையும் உட்காரவைத்தேன். ஏழு மணிக்கு வாசல்.

மேடம் அழுதிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. “போனையாவது எடுக்கக் கூடாதா? எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறீங்கன்னு நினைச்சேன்” என்றாள். நடிப்பு என்று வாய் வரை வந்தது. பாப்பா நடுவில் நின்றாள். சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஆலோசகரிடமிருந்து கடிதம். மே 6 விசாரணை. அதுவரை நான் பாப்பாவைப் பார்ப்பது அவர்கள் மையத்தில், ஓர் அறையில், மையத்து ஊழியரான ஒரு அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க. பத்திலிருந்து பன்னிரண்டு வரை. இரண்டு மணி நேரம்.

ஏழு இரண்டாகிவிட்டது. எல்லாம் இந்த எழவெடுத்த காரால்.

ஏப்ரல் 10, வியாழன்

கண்டுபிடித்தாயிற்று!

காரை விற்றுத் தொலைக்கலாம் என்றுதான் மெக்கானிக்கிடம் போனேன். “கடைசியா ஒரு தடவை, சனிக்கிழமை எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டிக் காட்டுங்க. நான் உங்க பொண்ணு இடத்துல உட்கார்றேன்” என்றார். ஸ்பானர் பையோடு ஏறினார். காலடியில் வைக்கப் போனார். “யோவ், கீழ வைக்காதீங்க, புதுக் கார்ப்பெட்!” என்றேன்.

“அப்புறம் எங்க வைக்கிறது, தலையிலயா? இதுல மாட்டட்டுமா?” என்று கிண்டலாக அந்தக் கறுப்புக் குமிழைக் காட்டினார்.

“அதுலதான் என் பொண்ணும் மாட்டுவா.”

அவர் என்னைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். பையை மாட்டினார். பையின் கனத்துக்குக் குமிழ் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. “ஓட்டுங்க” என்றார். பத்து நிமிஷம். இருமல், கறுப்புப் புகை, நாற்றம், நின்றுவிட்டது. அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அது சோக்காம். குளிரில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இழுக்க வேண்டியதாம். இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடான எஞ்சினில் இழுத்தே வைத்திருந்தால் குடித்துக் குடித்து மூச்சு முட்டி நின்றுவிடும். “உங்க வண்டியில அதைப் பிடிச்சு நிறுத்துற பூட்டு தேஞ்சு போச்சு. பையை எடுத்தா ஸ்பிரிங் தானா உள்ள இழுத்துடும். பை இல்லாம நான் ஆயுசுக்கும் ஓட்டினாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். ஏன் சார், கையேட்டுல படம் போட்டே காட்டியிருப்பானே?”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பதினோராம் பக்கம். படம் போட்டே காட்டியிருக்கிறான். அந்தப் பக்கத்தின் முனை மடித்திருந்தது. பல் டாக்டர் மடித்திருப்பார்.

எப்படியோ, நிரூபணம் கிடைத்துவிட்டது. வக்கீலுக்குப் போன் போட்டேன். “அருமை சார். தற்செயல், உங்க கவனக்குறைவு இல்லைன்னு போட்டுடலாம். ஏழு மணி நேரமும் திரும்பி வரும்” என்றார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

மையத்து அறை. சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலி, முழங்கால் தாடையில் இடிக்கிறது. மூலையில் அந்த மையத்து அம்மா.

நான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். “கார் ஏன் நின்னுச்சு தெரியுமா? உன் மூட்டைப் பைதான்டி காரணம்! அந்தக் குமிழ் இருக்கே —”

“தெரியும்ப்பா.”

என்ன தெரியும்?

“சோக்கு. பதினோராம் பக்கம். மார்க்கெட்கிட்ட நின்னப்பவே படிச்சேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. மார்க்கெட் என்றால் இரண்டாவது தடவை. அதற்கப்புறமும் மாட்டினாயே என்றேன். மாட்டினேன் என்றாள். பைபாஸில்? பைபாஸில் காலால் பையை அழுத்தியும் விட்டாளாம். அவ்வளவு நேரம் நிற்கும் என்று நினைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“ஏன்டி? உங்கம்மா சொல்லிக் கொடுத்தாளா?”

“பாருங்க, இதான்.”

எதும்மா என்றேன்.

“வண்டி ஓடினா நீங்க அம்மாவைத் திட்டறீங்க. நின்னா மெக்கானிக்கைத் திட்டறீங்க. மெக்கானிக் எனக்கு யாரும் இல்ல.”

மூலையில் இருந்த மையத்து அம்மா தலையை நிமிர்த்தவில்லை. காதில் விழுந்திருக்குமா? தெரியவில்லை. மிச்சம் ஒன்றரை மணி நேரம் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதினாலு வயசு. என்ன திமிர்!

ஏப்ரல் 14, திங்கள்

மார்ச்சிலிருந்து இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பதினைந்தாம் தேதியைப் படித்தேன். வெயிலுக்கு அசதி போல என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

பாப்பா வரவில்லை. ‘தலைவலி’ என்று மையத்துக்குச் செய்தி. இரண்டு மணி நேரமும் அந்தக் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தேன். எழுந்து போனால் ‘வந்தார், போய்விட்டார்’ என்று எழுதுவார்களே.

ஏப்ரல் 23, புதன்

வக்கீல் மனுவின் நகலை அனுப்பியிருக்கிறார். முழுசாக எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருந்தேன் அவரிடம். மனுஷன் ஒன்றை விடவில்லை: “மைனர் குழந்தையே வேண்டுமென்று வாகனத்தைப் பழுதாக்கியதால் மனுதாரர் பொறுப்பாக மாட்டார்.” கையெழுத்துப் போட்டால் போதும், ஏழு மணி நேரம் நிச்சயம் என்கிறார்.

நிச்சயம்தான். அப்புறம் என்ன ஆகும்? பொண்ணைக் கூப்பிடுவார்கள். ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல்வாள், அதை ஒருத்தர் டைப் அடிப்பார், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தோம் என்று ஒரு பக்கம், அம்மாவையும் இதில் இழுத்துவிட்டோம் என்று இன்னொரு பக்கம் தவிப்பாள். எனக்கு ஏழு மணி நேரம் கிடைக்கும். அந்த ஏழு மணி நேரமும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. மேஜையில் கிடக்கிறது.

ஏப்ரல் 26, சனி

வந்தாள். வீட்டுப்பாடம் செய்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டேன். மூன்று முறையும் ‘உங்கம்மா’ என்றுதான் வந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். “அவளைத் திட்டாம உனக்குப் பேச என்னடா இருக்கு?” என்று கேட்டாள். இந்தத் தடவை நான் போனைப் பாதியில் வைக்கவில்லை.

மே 3, சனி

சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. ஒரு கணக்குக்கு விடை வரவில்லை என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் வரவில்லை.

மே 6, செவ்வாய்

விசாரணை. மேடம் அந்தச் சாது முகத்தோடு வந்திருந்தாள். இன்று உற்றுப் பார்த்தேன். அது சாது முகம் இல்லை. தூங்காத முகம்.

ஆலோசகர் கேட்டார்: “மூணு தாமதத்துக்கும் காரணம் என்ன?” வக்கீல் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

“எனக்கு அந்தக் காரை ஓட்டத் தெரியல மேடம். கையேட்டைக்கூடப் படிக்கல” என்றேன். ஆலோசகரை மேடம் என்று கூப்பிட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாப்பாவின் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“வாடகைக் கார் பிடிச்சிருக்கலாமே?”

“பிடிச்சிருக்கலாம்.”

“போன்?”

“பொண்ணு பண்றேன்னுதான் சொன்னா. நான்தான் கூடாதுன்னேன்.”

“பெட்ரோல்ல ஏதோ கலந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க?”

“அது தப்பு. யாரும் கலக்கல. வாட்ச்மேன் பேரையும் எடுத்துடுங்க.”

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு அதே அறை, அதே இரண்டு மணி நேரம் என்று முடிவு. அப்புறம் பார்க்கலாமாம்.

வராந்தாவில் அவள் என்னை நிறுத்தினாள். “இது என்ன புது நாடகம்?” என்றாள். நாக்கு நுனியில் நாலு பதில் தயாராக இருந்தது, ஒவ்வொன்றும் ஊசி. விழுங்கினேன். “நாடகம் இல்ல” என்று மட்டும் சொன்னேன். நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

மே 10, சனி

பஸ்ஸில் போனேன். உட்கார்ந்தோம். என்ன கேட்பது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன், அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. கடைசியில், “இந்த வாரம் உனக்கு யார் மேல கோபம்?” என்று கேட்டுவிட்டேன். வேறு எந்தக் கேள்வி எனக்கு வரும்?

நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். நீச்சல் கோச்சாம். நீந்துகிறாள் என்பதே எனக்குத் தெரியாது, ஒன்றரை வருடமாக நீந்துகிறாளாம். தொடர் நீச்சல் அணியிலிருந்து இவளை எடுத்துவிட்டு, நேரம் கூடுதலாக எடுக்கிற ஒருத்தியைப் போட்டிருக்கிறார். “அந்த ஆளுக்கு மூளை முட்டியில இருக்குப்பா. கேட்டா வாயில கொழுக்கட்டை. ஃபிராடு, பித்தலாட்டம், ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஒரு படிப்பா!” என்றாள். கையை வேறு ஆட்டுகிறாள். என் வாய். என் கை. எங்கேயிருந்து வந்தது என்று நான் யாரைக் கேட்பது?

எனக்கு இரத்தம் கொதித்தது. அப்போதே எழுந்து போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் என்றிருந்தது. குட்டி நாற்காலியை இறுக்கப் பிடித்துக்கொண்டு, “அப்புறம்?” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம், அப்புறம் என்று பன்னிரண்டு மணி வரை.

கடைசியில் வேறொருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போய், இவளையே திரும்பச் சேர்த்துவிட்டார்களாம். அதைக் கடைசியில் சொல்கிறாள், ஒன்றரை மணி நேரம் என்னைக் கொதிக்கவிட்டு!

மூலையில் இருந்த மையத்து அம்மா நேரமாயிற்று என்றார். பாப்பா கதவு வரை போய்த் திரும்பி வந்தாள்.

“இருபத்தஞ்சாம் தேதி போட்டி. ஞாயித்துக்கிழமை. யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.”

நான் வாயைத் திறக்குமுன் கையை நீட்டித் தடுத்தாள்.

“கோச்கிட்ட சண்டை போடக் கூடாது. சத்தம் போட்டு என் பேரைக் கூப்பிடக் கூடாது. அம்மாவும் வருவாங்க. பக்கத்துல இடம் இருந்தா அங்கதான் உட்காரணும், எழுந்து தள்ளிப் போகக் கூடாது.”

சரி என்றேன்.